மலையில் ஓடும் கான்டெஸா: அறிகுறியைப் பார்த்துப் பழுதைத் தேடும் முறை

குன்னூரில் என் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் கான்டெஸாவையும், நண்பர்கள் கொண்டுவந்து நிறுத்தும் அதே வயது வண்டிகளையும் பல ஆண்டுகளாகப் பிரித்துப் பூட்டியதில், நாலைந்து பழுதுகளே மாறி மாறி வருவதையும், அவற்றை எல்லோரும் செலவு அதிகமான இடத்திலிருந்தே தேடத் தொடங்குவதையும் கண்டேன். 1984 முதல் 2002 வரை இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த இந்தக் காரை, நீண்ட பானெட்டையும் அகன்ற முகத்தையும் பார்த்து நம் ஊர் மசில் கார் என்று சொல்கிறார்கள். தொடக்கத்தில் அந்த நீண்ட பானெட்டுக்குள் இருந்தது அம்பாசிடரின் 1.5 லிட்டர் என்ஜின்தான். பிறகு வந்த 1.8 லிட்டர் இசுஸு பெட்ரோல் என்ஜின்தான் அந்தப் பெயருக்குக் கொஞ்சமாவது நியாயம் செய்தது. இங்கே எழுதியிருப்பவை இரண்டு என்ஜின்களுக்கும், கார்ப்புரேட்டர் வைத்த அம்பாசிடர், பத்மினி வண்டிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வண்டியோடு வந்த கையேட்டில் அச்சிட்டிருக்கும் அளவுகள் சமவெளிக்கு உரியவை. குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்திலும் ஊட்டி 2,240 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இதை மறந்து மீட்டரைப் படிப்பவர், நன்றாக இருக்கும் என்ஜினைப் பழுது என்பார். பழுதான ரேடியேட்டர் மூடியை நன்றாக இருக்கிறது என்பார்.

மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ், பிளக் ஸ்பேனர், கம்ப்ரஷன் கேஜ், வேக்கம் கேஜ், டைமிங் லைட் ஆகியவை இருந்தால் கீழே சொல்லும் சோதனைகள் அனைத்தையும் வீட்டிலேயே செய்துவிடலாம். மலையில் சமதளம் கிடைப்பது அரிது என்பதால், ஜாக்கி வைக்கும் முன் மற்றச் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

அறிகுறி 1: காலையில் வண்டி கிளம்பவில்லை

*செல்ஃப் சுற்றவில்லை, அல்லது ‘டக்’ என்ற ஒலி மட்டும் வருகிறது*

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். விளக்கு அப்படியே மங்கிவிட்டால் பேட்டரியோ அதன் டெர்மினலோ காரணம். ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.2 காட்டினால் பாதிதான் மிச்சம் இருக்கிறது. செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்தப் பேட்டரியை மாற்ற வேண்டும். ஜனவரியில் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும் விடியலில், கோயம்புத்தூரில் இன்னும் ஓராண்டு உழைத்திருக்கக்கூடிய பேட்டரிகூடக் கைவிட்டுவிடும்.

விளக்கு மங்காமல் பளிச்சென்று எரிந்து செல்ஃப் மட்டும் சுற்றவில்லை என்றால் சோலனாய்டையும் (செல்ஃபுக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) செல்ஃப் மோட்டாரையும் பார்க்க வேண்டும். ஆனால் அதற்கு முன்னால், புதிதாகப் பெயிண்ட் அடித்து வந்த வண்டியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டிங்கரிங் முடிந்து அழகாகத் திரும்பிய மூன்று வண்டிகளில் நான் கண்ட பழுது ஒன்றே: பேட்டரியின் நெகட்டிவ் முனையை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் பட்டையின் போல்ட்டை பெயிண்டின் மேலேயே முடுக்கியிருந்தார்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை என்ஜின் பிளாக்கிலும் மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வைத்து செல்ஃபைச் சுற்றினால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்தை உப்புத்தாளால் தகரம் மின்னும்வரை தேய்த்து, கிரீஸ் தடவி மீண்டும் முடுக்க வேண்டும். இந்த வேலைக்குச் செலவே இல்லை. ஆனால் இதற்காக செல்ஃப் மோட்டாரையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

*செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை*

மேகம் கொட்டகைக்குள்ளேயே வந்து போகும் மாதங்களில் முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்ற வேண்டும். உட்புறம் பனித்திருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து மாட்டினாலே பெரும்பாலும் வண்டி கிளம்பிவிடும். துடைத்தும் மறுநாள் அதே கதை என்றால், இரவில் கொட்டகை விளக்கை அணைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து வைத்து என்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். மின்சாரம் கசியும் வயர்களில் நீலப் பொறி நூல் நூலாக ஓடுவது கண்ணுக்கே தெரியும். மூடியின் உட்புறத்தில் பென்சிலால் கீறியது போன்ற கறுப்புக் கோடு இருந்தால் மூடியைத் துடைத்துப் பயனில்லை; மாற்ற வேண்டும்.

அடுத்து, ஒரு பிளக்கைக் கழற்றி வயரில் செருகி, பிடியில் ரப்பர் உறையுள்ள பிளையரால் பிடித்து, பெட்ரோல் ஈரம் இல்லாத இடத்தில் என்ஜின் மேல் படும்படி வைத்துச் சுற்றவைக்க வேண்டும். பொறி நீலமாகச் ‘சட்சட்’ என்று அடித்தால் மின்சாரம் சரி. சோக்கையும் பெட்ரோல் வரவையும் பாருங்கள். மஞ்சளாகச் சோர்ந்து அடித்தால் பாயிண்ட், கண்டென்சர், காயில் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். 1.5 லிட்டர் என்ஜினில் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். பாயிண்டின் முகத்தில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருந்தால் கண்டென்சரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். இத்தனைக்குப் பிறகும் பொறி வரவில்லை என்றால் ஆட்டோ எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம்.

அறிகுறி 2: மேட்டில் இழுக்கவில்லை

என்னிடம் வரும் புகார்களில் பாதிக்கு மேல் இதுதான். இதில் ஒரு பங்கு பழுதே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். டர்போ இல்லாத எந்த என்ஜினும் ஊட்டி உயரத்தில் தன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கையாவது இழக்கும். கோயம்புத்தூரில் மூன்றாவது கியரில் ஏறும் பாலத்தை ஒத்த மேட்டை இங்கே இரண்டாவதில் ஏற வேண்டியிருப்பது இயல்பு. ஆனால் இங்கேயே சென்ற ஆண்டு மூன்றாவதில் ஏறிய மேட்டை இப்போது இரண்டாவதில்தான் ஏறுகிறது என்றால் அது பழுது.

*என்ஜின் சீறுகிறது, வண்டி நகரவில்லை*

கிளட்ச் வழுக்குகிறது. சமதளத்தில் கைபிரேக்கை முழுவதும் போட்டு, கால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, மேல் கியரைப் போட்டு கிளட்சை மெல்ல விட்டால் என்ஜின் அணைந்துவிட வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் முதலில் பெடலின் ஆட்டத்தைச் சரிசெய்து பாருங்கள். அதிலும் திருந்தவில்லை என்றால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அது பட்டறை வேலை.

*கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை, பிளக்கில் கரி*

காற்று குறைந்த இடத்தில் கார்ப்புரேட்டர் பெட்ரோலை அதற்கேற்ற அளவுக்குக் குறைக்காததால் கலவை பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கனத்துவிடுகிறது. இருந்தாலும் கார்ப்புரேட்டரின் கலவை ஸ்குருவில் கை வைக்கும் முன் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு நடை ஓட்டிப் பாருங்கள். வண்டி தெளிந்தால் ஃபில்டர்தான் காரணம். அடுத்து, சோக் கேபிளை உள்ளே தள்ளிய பிறகு பட்டாம்பூச்சி வால்வு முழுவதும் திறக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். பனியில் துருப்பிடித்த கேபிள் முக்கால் வழியில் நின்றுவிட, அதோடேயே மூன்று மாதம் ஓட்டி, லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வண்டியை விற்கப் பார்த்தவரை எனக்குத் தெரியும். கார்ப்புரேட்டரின் மிதவையான ஃப்ளோட்டுக்குள் பெட்ரோல் புகுந்திருக்கிறதா என்பதைக் காதருகே குலுக்கிப் பார்த்தே சொல்லிவிடலாம். இவை எல்லாம் சரி என்றால்தான் கலவையைக் குறைக்க வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் கலவையை மெலிய வைக்கிறது. மலைக்காற்றோ கனக்க வைக்கிறது. ஊட்டியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்வதால், பழைய ஜெட்டோடு (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) வண்டி ஓரளவு ஒழுங்காகவே ஓடும். அதே வண்டி மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் மெலிந்துபோய்த் துப்பும். ஆகவே, வண்டி எந்த ஊரில் அதிகம் ஓடுகிறதோ அந்த ஊரில் வைத்துத்தான் டியூனிங் செய்ய வேண்டும். கீழே செய்துகொண்டு மேலே வந்து குறை சொல்வதில் பொருளில்லை.

*புகை இல்லை, ஆனால் திக்கித் திக்கி இழுக்கிறது*

பாயிண்டைச் சரிசெய்த பிறகே டைமிங்கை, அதாவது பொறி அடிக்கும் நேரத்தை, பார்க்க வேண்டும், ஏனென்றால் பாயிண்ட் மாறினால் டைமிங்கும் மாறும். என்ஜினின் உறிஞ்சலால் பொறியை முன்னால் அடிக்கவைக்கும் வேக்கம் அட்வான்ஸின் குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துக்கொண்டால் அந்த இழுவை குறையாமல் அப்படியே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் உள்ளே டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. மலையில் கையேட்டு அளவைவிட இரண்டு மூன்று டிகிரி முன்னால் வைத்தால் என்ஜின் இலகுவாக இழுக்கும், நாக்கிங்கும் (என்ஜின் தட்டும் ஒலி) வராது. ஆனால் சமவெளிக்கு நீண்ட பயணம் போகும்போது அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குச் சோம்பல்படுபவர்கள், என்னைப் போல, கையேட்டு அளவிலேயே விட்டுவிடலாம்.

*மேற்கண்டவை எல்லாம் சரி, இன்னும் இழுக்கவில்லை*

இப்போதுதான் சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜை எடுக்க வேண்டும். என்ஜின் சூடாக இருக்க, எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு செல்ஃபைச் சுற்ற வேண்டும். கடல்மட்டத்தில் 150 பி.எஸ்.ஐ. காட்டும் சிலிண்டர், எந்தக் குறையும் இல்லாமலேயே குன்னூரில் 120, ஊட்டியில் 115 என்ற அளவில்தான் காட்டும். என்ஜினின் உறிஞ்சலைப் பாதரச அங்குலத்தில் காட்டும் வேக்கம் கேஜும் அப்படியே. ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் வீதம் குறையும். சமவெளியில் 18 அங்குலம் நிற்கும் முள் ஊட்டியில் 11 அங்குலத்தில் நின்றால் அது நலமான என்ஜின்.

இந்தக் கணக்கு தெரியாமல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நண்பர் ஒருவரின் 1.8 லிட்டர் வண்டியை ஊட்டிக்கு வந்து பார்த்த ஒரு மெக்கானிக், கேஜில் 112, 115, 114, 112 என்று வருவதைக் கண்டு, “போர் போயிடுச்சுண்ணே, என்ஜினை இறக்கிடலாம்” என்று, அதாவது சிலிண்டரின் உட்சுவர் தேய்ந்துவிட்டது என்று, சொல்லிவிட்டுப் போனார். நண்பர் முன்பணத்தையும் எடுத்து வைத்துவிட்டார். நான் அதே வண்டியை, அதே கேஜுடன், மேட்டுப்பாளையத்துக்கு ஓட்டிப் போய் ஒரு மர நிழலில் அளந்தேன். நான்கு சிலிண்டர்களும் 140-ஐத் தாண்டின. பழுது ஏர் ஃபில்டரில் இருந்தது. மலையில் மொத்த எண்ணைவிட, நான்கு சிலிண்டர்களுக்கும் இடையிலான வேறுபாட்டைத்தான் பார்க்க வேண்டும். அது பத்து சதவீதத்துக்குள் இருந்தால் என்ஜினைத் திறக்காதீர்கள்.

ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயிலை விட்டு மறுபடி அளக்க வேண்டும். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து தாழ்ந்திருந்தால் ஹெட் கேஸ்கட். மூன்றுக்குமே லேத் வசதியுள்ள பட்டறையை நாட வேண்டும்.

அறிகுறி 3: ஏற்றத்தில் சூடேறிக் கொதிக்கிறது

மேட்டுப்பாளையத்தின் வெயிலில் கிளம்பி, கல்லாறு தாண்டி, 14 கொண்டை ஊசி வளைவுகளை முதல் இரண்டு கியர்களிலேயே ஏறும்போது பர்லியார் அருகில் பானெட்டிலிருந்து ஆவி எழுவதுதான் வழக்கமான காட்சி. வண்டியை ஓரம் கட்டி, என்ஜின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாமல் காத்திருங்கள். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும்.

நீர் மட்டம் சரி என்றால் சந்தேகப்பட வேண்டியது அந்த மூடியைத்தான். ஊட்டியில் நீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 0.9 பார் அழுத்தம் தாங்கும் நல்ல மூடி இருந்தால் அந்த வரம்பு 114 டிகிரிக்கு அருகில் போகிறது. சமவெளியில் மூடி தளர்ந்தாலும் சமாளித்துக்கொள்ளும் வண்டி, இங்கே தெர்மோஸ்டாட் (நீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறந்து பத்து டிகிரி ஏறுவதற்குள் கொதித்துவிடுவது இதனால்தான். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் புதிது வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்குள் முடியும்.

பிறகு ஃபேன் பெல்ட்டின் தளர்ச்சி, ரேடியேட்டர் இடுக்குகளில் அடைந்த பூச்சியும் இலைத்தூளும், ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது உறிஞ்சப்பட்டுச் சப்பிப்போகும் கீழ் ஹோஸ் என்று வரிசையாகப் பார்க்கலாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீர்ப் பாத்திரத்தில் போட்டு, அதில் எழுதியிருக்கும் வெப்பநிலையில் திறக்கிறதா என்று வீட்டு அடுப்பிலேயே சோதிக்கலாம். ஊட்டிக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 82 டிகிரி என்று குறித்தது, நீர் கொதிக்கத் தொடங்கும் முன்பே நன்றாகத் திறந்திருக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடும் பழக்கம் சமவெளியில் உண்டு. மலைக்குளிரில் அப்படிச் செய்தால் என்ஜின் ஒருபோதும் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பாலாடை போல வெண்மஞ்சளாகப் படிந்திருப்பதைப் பார்த்ததும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று பதற வேண்டாம். கடைவீதிவரை மட்டும் போய்வரும் வண்டியில், குளிரில் நீராகத் திரண்ட ஈரமே ஆயிலோடு கலந்து அங்கே படியும். டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அதில் ஆயில் தெளிவாக இருந்து, நீர் மட்டமும் குறையாமல் இருந்தால், அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டினாலே அந்த ஆடை குறைந்துவிடும். டிப்ஸ்டிக்கிலும் பால் நிறம், கூடவே குளிர்ந்த என்ஜினைக் கிளப்பியதும் ரேடியேட்டருக்குள் குமிழி என்றால், அத்தோடு என்ஜினை அணைத்துவிட்டுப் பட்டறைக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.

அறிகுறி 4: ஏறி வந்து நிறுத்திய வண்டி மறுபடி கிளம்பவில்லை

தேநீர் குடிக்கப் பத்து நிமிடம் நிறுத்திய வண்டி கிளம்ப மறுத்து, முக்கால் மணி நேரம் கழித்துத் தானாகவே கிளம்பினால் அது வேப்பர் லாக்காகவோ, சூட்டில் சோரும் காயிலாகவோ இருக்கும். கிளம்ப மறுக்கும் அந்த நேரத்திலேயே பொறியைச் சோதித்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். பொறி இல்லை என்றால் காயில் அல்லது கண்டென்சர். பொறி இருந்தால் பெட்ரோல் குழாயில் ஆவியாகி நிற்கிறது. பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போட்டுச் சற்றுப் பொறுத்தால் கிளம்பும். நிரந்தரத் தீர்வாக, எக்ஸாஸ்டை ஒட்டிப் போகும் குழாயை விலக்கிக் கட்டி, வெப்பம் தாங்கும் உறை போட வேண்டும்.

எத்தனால் இன்னொரு வேலையும் செய்கிறது. பழைய ரப்பர் ஹோஸை உள்ளிருந்து ஊறவைத்துக் கறுப்புத் துகளாக உதிர்க்கிறது. கண்ணாடிபோல் தெரியும் பெட்ரோல் ஃபில்டரில் மிளகுத்தூள் போலக் கிடந்தால் ஹோஸ், பம்பின் டயஃப்ரம் இரண்டையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டியின் டேங்கில் அந்தப் பெட்ரோல் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு நீராகப் பிரிந்து அடியில் தங்கும். டேங்கை இறக்குவதும் பற்றவைப்பதும் வீட்டில் செய்யத் தகாத வேலைகள். காலி டேங்க் நிரம்பிய டேங்கைவிட ஆபத்தானது.

அறிகுறி 5: காலடியில் ஈரம், பூஞ்சை வாடை

கண்ணாடிக்குக் கீழே வைப்பர் அருகிலுள்ள வடிகால் துளைகளை முதலில் பாருங்கள். சில்வர் ஓக் இலை அடைத்திருக்கும். ஒரு கம்பியால் குத்தி எடுத்தால் போதும். பிறகு கால்மிதியை எடுத்துவிட்டு, தரைத்தகட்டையும் பேட்டரித் தட்டையும் ஸ்குருடிரைவரின் பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும். ‘டங்’ என்று ஒலித்தால் தகரம். ‘பொத்’ என்று ஒலித்தால் அது பெயிண்டும் புட்டியும் மட்டுமே. கதவுக்கு அடியிலோ ஜாக்கி வைக்கும் இடத்திலோ பொத்தல் விழுந்திருந்தால், மேலே புட்டி பூசச் சொல்லாமல், வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைக்கும் டிங்கரிடம் கொடுங்கள்.

அறிகுறி 6: பிரேக்கில் மாற்றம்

இதை மட்டும் நாளைக்கு என்று தள்ளிவைக்கக் கூடாது.

*பெடல் கல்லாகக் கனக்கிறது*

பிரேக்கை மிதிக்கும் காலுக்கு உதவும் சர்வோ, என்ஜினின் வேக்கத்தை (உறிஞ்சலை) நம்பி வேலை செய்வது. மலையில் அந்த வேக்கமே குறைவு என்பதால் பெடல் சற்றுக் கனமாக இருப்பது இயல்பே. சோதிக்க, என்ஜின் நின்றிருக்கும்போது பெடலை ஐந்தாறு முறை மிதித்து, மிதித்தபடியே கிளப்பினால் கால் லேசாக உள்ளே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் சர்வோ ஹோஸில் விரிசல், ஒருவழி வால்வு, கடைசியாக சர்வோவே என்று பாருங்கள். பெட்ரோல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கும் பழைய வழக்கம் இந்த வண்டிக்கு ஆகாது. இரண்டு மூன்று மிதியில் சர்வோவின் உதவி தீர்ந்துவிடும்.

*இறக்கத்தில் வாடை வந்து, பெடல் பஞ்சாகிறது*

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் 36 வளைவுகளில், ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்ற விதியை மீறியவர்கள் இந்த வாடையை அறிவார்கள். வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, கியரில் விட்டு, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிரம்மில் கைபிரேக்கை இழுக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆறியதும் பெடல் பழையபடி வந்துவிட்டால், பிரேக் ஆயில் ஈரம் கோத்துக் கொதித்திருக்கிறது என்று பொருள். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிவரை தாங்க வேண்டும். ஈரம் ஏறியதும் 140 வரைதான் உத்தரவாதம். டாட் 4-க்கு அந்த எண்கள் 230, 155. மலையில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் வடித்து மாற்றி, குழாயிலுள்ள காற்றை வெளியேற்றும் பிளீடிங் செய்வதை நான் தவறவிடுவதில்லை. திறந்து வைத்த பழைய டப்பாவில் மிஞ்சியதை ஊற்றுவதும் இல்லை.

*நின்ற நிலையில் மிதித்துக்கொண்டிருந்தால் பெடல் மெல்லக் கீழே போகிறது*

நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் பைப் இணைப்புகளையும் ஈரத்துக்காகப் பாருங்கள். எங்கேயும் கசிவு இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்திருக்கிறது. நெடுநாள் நின்ற வண்டியில் சிலிண்டரின் உட்சுவரே அரித்துப்போயிருக்கும் என்பதால், ரப்பர் கிட் மட்டும் மாற்றுவது சில வாரங்களுக்குத்தான் தாங்கும்; முழுதாக மாற்றுவதே சரி. சென்னை புதுப்பேட்டையில் தேடினால் பழைய வண்டிகளின் பாகங்கள் கிடைக்கும், ஆனால் பிரேக் பாகத்தை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். இந்த வேலையை முதல்முறையாகச் செய்பவர் அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பட்டறைக்குக் கொடுப்பதானால், “மெதுவாக உருட்டிக்கொண்டே போய்விடலாம்” என்று கிளம்பக் கூடாது. இங்கிருந்து எந்தப் பட்டறைக்குப் போனாலும் நடுவே ஓர் இறக்கம் உண்டு. மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், அல்லது வண்டியை ரெக்கவரி லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.